அம்மாவின் கையெழுத்து

இல்லண்ணே, முன்னாடியே உக்காந்துக்கிறேன். எலுமிச்சம்பழமெல்லாம் வேணாம், எனக்கு இந்த வளைவுல வாந்தி வராது. ஆமா, காலைல எங்கம்மா ஒங்க ஜீப்புலதான் ஏலக்கா எடுக்க மேல போச்சு. சோலையம்மா. அதக் கூட்டிக்கிட்டு வெரசாக் கீழ எறங்கணும். ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. ஒரு கையெழுத்து வாங்கணும். இந்த பைலுதான்.

கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடும். நான் காலேஜு சேந்த வருசம் பழக்கிவிட்டேன். முன்னாடி ஒரு எஸ்டேட்டுல லீவுச் சீட்டுன்னு சொல்லிக் கைநாட்டு வாங்கி, வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு எழுதிக்கிட்டாங்க. அதுலருந்து சொல்லி வச்சிருக்கேன், முழுசா வாசிக்கச் சொல்லிக் கேக்காம எதுலயும் கை வைக்காதம்மான்னு. இப்ப ரேசன் கடைச் சீட்டக்கூட என்னைய வாசிக்கச் சொல்லும். சிரிக்காதீங்கண்ணே.

தம்பியா? ஈஸ்வரன் அங்கதான். டிவில காட்டுறாங்கள்ல, அந்த ஊருதான். பேரு சொல்ல இப்ப எனக்கு வாய் வரமாட்டேங்குது. அரபு நாடு, கடக்கரை. வருசக்கணக்கா அவங்களுக்குள்ளயே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிறாங்க. அது பத்தாதுன்னு இப்ப வெளிநாட்டுக்காரன் கப்பலக் கொண்டாந்து கடல்ல நிறுத்தி ஊரப் பாத்துச் சுடுறான். தம்பிக்கு அந்தத் துறைமுகத்துலதான் லோடு எறக்குற சோலி.

தெரிஞ்சா அனுப்புனீங்கன்னுதான கேக்குறீங்க. ஏஜெண்டு குடுத்த தாளு இங்கிலீசுல இருந்துச்சு. எங்க வீட்ல அத வாசிக்கிறது நான் ஒருத்திதான். ஊருப் பேரப் பாத்தா, எனக்குத் தெரிஞ்ச பேரு. நான் வேல பாக்குற ஏலக்கா ஸ்டோர்ல மூட்டைல நானே ஒட்டி அனுப்புற பேரு. நம்ம காய் போற ஊருதாம்மா, நல்ல ஊருன்னு சொல்லிட்டேன். போன்ல ஒருக்காத் தேடிப் பாத்திருக்கலாம். பாக்கல. மூட்ட ஒழுங்காப் போய்ச் சேருதுல்ல, அது போதும்னு நெனச்சுட்டேன்.

பாத்துண்ணே, பஸ்சு வருது.

அங்க பேசுறதுக்கு லைன் கெடைக்காது. போன்ல எழுதித்தான் அனுப்புவான். சாயங்காலம் அம்மா வந்து கை கால் கழுவுனதும் நான் வாசிச்சுக் காட்டணும். கப்பலு தூரத்துல ஏலக்கா தண்டிக்குத்தான் தெரியுமாம். மொத வெளிச்சம் வருமாம், அப்புறம் சத்தம், அப்புறம் தரை ஆடுமாம். இதெல்லாம் அம்மாட்ட வாசிச்சுறாதக்கான்னு கீழ எழுதுவான். நானும் அத விட்டுட்டு வாசிப்பேன். மீனு சாப்ட்டானாம், வெயிலு சாஸ்தியாம், அவ்வளவுதான்.

அப்பிடி விட்டு வாசிச்சுப் பழகிட்டேனா, இல்லாதத வாசிக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்லண்ணே. திங்கக்கெழம, ஒடம்பு நல்லாருக்குன்னு வாசிச்சேன். செவ்வாக்கெழம, முடி வெட்டிக்கிட்டான்னு வாசிச்சேன். நேத்து, கூடத் தங்கியிருக்கிறவன் விடுற கொறட்டையப் பத்தி. அம்மா அப்பிடிச் சிரிச்சுச்சு. இன்னொருக்கா வாசிடின்னு கேட்டுச்சு. மொத வாசிச்ச மாதிரியே வரணுமேன்னு பயந்து பயந்து வாசிச்சேன். போன்ல ஒண்ணுமே இல்ல.

ஏண்ணே நிறுத்திட்டீங்க? போங்க. பின்னாடி ஜீப்பு நிக்கிது.

திங்கக்கெழம காலைலயே கம்பெனிலருந்து மெயில் வந்துருச்சு. எட்டுப் பேரு. நாலாவது பேரு தம்பி. எழுத்து மாத்திப் போட்டிருப்பாங்களோன்னு பாஸ்போர்ட்டு நம்பர வச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

அவனப் பெட்டில வச்சு அனுப்பணும்னா அம்மா கையெழுத்துப் போட்ட தாளு இன்னைக்குப் போகணுமாம். நானே போட்டுரலாம்னு ஒரு தாள்ல போட்டுப் பாத்தேன். அச்சா அப்பிடியே வந்துச்சு. நான் பழக்குன எழுத்துதான. கிழிச்சுப் போட்டுட்டேன்.

இங்கனயே நிறுத்திக்கங்கண்ணே. அந்தா, சரிவுல செவப்புத் துண்டு கட்டியிருக்கிறது எங்கம்மாதான். பாத்துருச்சு, கைய ஆட்டுது.

நீங்க கொஞ்சம் கூட வர்றீங்களா? பேனா இருக்கு, பேனாவெல்லாம் இருக்கு. வாசிக்கச் சொல்லும்ணே.