மணல் பாட மறுத்த பாட்டு

மேடையில் வீற்றிருக்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, இசை நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, முதல் வரிசையில் துக்கத்தை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் மணலின் கணவர், மகள், மாமியார் அம்மா அவர்களே, இடம் கிடைக்காமல் படிகளிலும் வாசலிலும் நிற்கும் ரசிகப் பெருமக்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்லன். மணலுக்குப் பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன். பின்னால் நிற்பதுதான் என் தொழில். இன்று முன்னால் யாரும் இல்லை.

டயர் கடை மாடியில் எங்கள் ஒத்திகை அறைக்கு அவர் முதன்முதலாக வந்தபோது, தொலைபேசிப் புகார்ப் பிரிவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். ஹெட்போன் அழுத்திய தடம் தலைமுடியில் அப்படியே இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நின்னு பாடுங்களேன்” என்றேன். “நாள் பூரா உட்கார்ந்துதான் ஊர்க் கஷ்டத்தைக் கேட்கிறேன் அண்ணே. உட்கார்ந்தாதான் எனக்குப் பாட்டே வருது” என்றார். பாடினார். அந்தக் குரலில் இருந்த நறநறப்பைக் கேட்டு அன்றே நாங்கள் வைத்த பெயர்தான் மணல்!

அவர் பாடியதை நியோ-சோல் என்னும் மேற்கத்திய இசை வகை என்றார்கள். அப்படியென்றால் என்ன என்று ஒரு நிருபர் கேட்டார். “மெதுவா நடக்கிற பாட்டுங்க. பஸ்ஸைப் பிடிக்கப் போறவங்க வேற ஏதாவது கேட்கலாம்” என்றார் மணல். தாளத்துக்கு ஒரு இழை பின்தங்கியே டிரம்ஸ் வாசிக்கும் இதோ இந்த நண்பருக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

நண்பர்களே, நீங்கள் ஒரு பாட்டை எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ‘கதவைத் திற, சாப்பாடு ஆறுதுடா’. எத்தனை காதலர்கள் அந்தப் பாட்டில் கைகோத்தீர்கள்! எத்தனை திருமண வரவேற்புகளில் அதற்கு ஆடினீர்கள்! அது காதல் பாட்டா? இல்லை. அவருடைய தம்பி குடியில் மூழ்கி அறைக்குள் தாழிட்டுக்கொண்டு கிடந்த காலத்தில், வெளியே தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவின் பாட்டு அது.

அந்தத் தம்பியின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவர் இந்த அரங்கில் இருக்கிறார். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. வானொலிப் பேட்டி ஒன்றில், “யாரை நினைச்சு எழுதினீங்க?” என்று கேட்டார்கள். “என் தம்பியை” என்றார் மணல். பெருமையாகச் சொன்னார், பாசத்தோடு சொன்னார். ஆனால் தம்பி அப்போதுதான் குடியை விட்டு, ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நிமிரத் தொடங்கியிருந்தார். மறுநாள் அவர் உள்ளே நுழைந்ததும் யாரோ அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். சிரித்தார்கள். “தம்பி, சாப்பாடு ஆறுதுடா!” என்றார்கள். தினமும் அதே கூத்து. டீக்கடையில் அந்தப் பாட்டு. பஸ்ஸில் அந்தப் பாட்டு. ஒரு மனிதன் எங்கே போவான்?

மணல் தேடிப் போனபோது அறை திறந்து கிடந்தது. பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆள் இல்லை.

அடுத்து வந்தது எங்கள் வாழ்விலேயே பெரிய திறந்தவெளிக் கச்சேரி. கடைசிப் பாட்டுக்காகக் கூட்டமே எழுந்து, தானே பாடத் தொடங்கியது. மணல் கையை உயர்த்தினார். “மன்னிச்சுக்குங்க. அது என் பாட்டு இல்ல. இன்னொருத்தரோட வாழ்க்கை. கேட்காம எடுத்துட்டேன். இனிமே பாட மாட்டேன்” என்றார். கிளம்பியது கூச்சல். தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன!

மேடைக்குப் பின்னால் மேலாளர் கொதித்தார். இங்கேதான் இருக்கிறார், அவரும் மறுக்கமாட்டார். “என்னம்மா, பைத்தியமா உனக்கு? சனம் அந்தப் பாட்டுக்குத்தான் வந்திருக்கு!”

“தெரியும் சார். அதான் பாட முடியல.”

பெரிய அரங்குகள் எங்களை அழைப்பதை நிறுத்தின. குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள், குறை சொல்லமாட்டேன். மணல் திரும்பவும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு புகார் கேட்கப் போனார். அவர் செய்தது சரியா? ஒரு நல்ல பாட்டைக் கொல்ல, அதைப் பாடியவருக்கே உரிமை உண்டா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, நண்பர்களே.

ஆனால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. எங்கள் ஒத்திகை அறையில் ஒரு சட்டம் போட்டார். யாரைப் பற்றிய பாட்டோ, அவர் காதில் விழாமல் அது வெளியே போகக்கூடாது! தம் மாமியாரைப் பற்றி எழுதியதை அவர் முன்னாலேயே பாடிக் காட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எங்க உன்கிட்ட அவ்வளவு அன்பா இருந்தேன்? அந்த ரெண்டு வரியை எடுத்துடு” என்றார்! எடுத்தார். பாட்டு இன்னும் உயர்ந்தது. புதிதாக எழுத வந்தவர்களுக்கெல்லாம் அவர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அவங்ககிட்ட கேட்டாச்சா?”

தம்பி வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் நிலைத்தார். தொலைபேசியில் பேசுவார்கள், மழையைப் பற்றி, வெயிலைப் பற்றி. நேரில் வந்ததில்லை. நுரையீரல் நோய் முற்றி, மருத்துவமனையில் அக்கா மூச்சுக்குத் திணறுகிறார் என்று தெரிந்ததும் வந்தார். நான் அங்கே இருந்தேன்.

“என்னை மன்னிச்சுட்டியாடா?” என்று கேட்டார் மணல்.

“மன்னிக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? பாட்டு மோசமா இருந்திருந்தா ஊரு மறந்திருக்கும். நல்லா இருந்துச்சு. அதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு.”

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கியதும், “நீ கேட்டா இப்பக்கூடப் பாடுறேன்” என்றார். தம்பி தலையணையைச் சரிசெய்தார். அந்த வாரமே நம் மணல் போய்விட்டார். ஐயோ, போய்விட்டார்!

இன்று வாசலில் அந்தத் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். “‘பாடுக்கா’ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணே. கேட்கல. கேட்டிருக்கணுமோ?”

தம்பி, ஒன்று மட்டும் சொல்வேன். நீங்கள் கேட்காததற்காக அவர் முகம் வாடவில்லை. நீங்கள் வெளியேறிய பிறகு என்னிடம், “வந்துட்டான் பார்த்தீங்களா அண்ணே” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மேலாளர் அவர்களே, அந்தப் பழைய பாட்டையும் சேர்த்தால்தான், நோய் முற்றும் முன் மணல் பாடிப் பதிந்து வைத்த கடைசி இசைத்தட்டு விற்கும் என்கிறீர்கள். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் எப்படி விட்டுச் சென்றாரோ அப்படியேதான் அது வெளிவரும். எங்களைக் கூச்சலிட்டு விரட்டிய ஊர்களிலும் போய் அதை வாசிப்போம். அவர் போட்ட சட்டத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் காப்போம். இது அவர் படத்தின் முன் நாங்கள் தரும் வாக்கு!

இப்போது அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டு. அவர் குரல் பதிவில் வரும், நாங்கள் கூடவே வாசிக்கிறோம். தயவுசெய்து யாரும் சேர்ந்து பாட வேண்டாம். இது உங்களுக்கு இன்னும் தெரியாத பாட்டு.