தூங்குகிறவளுக்குக் காவல் நின்ற குரலுக்கு

செவிவழி நுழைந்து சிந்தையில் அமர்ந்த செந்தமிழ்க் குரலே! பேசாப் படங்களுக்குப் பேச்சும் பார்ப்பவர்க்குப் பார்வையும் தந்த பண்பின் பெட்டகமே! எங்கள் அனைவருக்கும் ‘குரலக்கா’வாகவே வாழ்ந்த அன்பு அக்காவே! தங்கள் பணிநிறைவு நாளில், நெஞ்சு நிறைந்து வணங்குகிறோம்.

இந்த ஓவியக் கூடத்தின் வாசலில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நுழையும் எவர்க்கும் முதலில் அறிமுகமாவது ஓவியம் அல்ல, தாங்கள். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கத்தைத் தாங்களே எழுதி, தாங்களே பேசிப் பதிந்தீர்கள். இருபத்தாறு ஆண்டுகள்! சளி பிடித்த நாளில் பதிந்த நாலாம் அறை மட்டும் இன்னும் மூக்கால்தான் பேசுகிறது.

ஆயினும் அக்கா, தங்கள் புகழ் முழுதும் ஏழாம் அறையில்தான் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உறங்கும் பெண்ணின் ஓவியம். தாங்கள் வருமுன் ஒரு கனத்த ஆண்குரல் அவளை, “காதலன் நினைவில் மயங்கிக் கிடக்கும் கட்டழகி” என்று வர்ணித்துக்கொண்டிருந்தது. நாங்களும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தோம். தாங்கள்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலடியில் துணிக்கூடையையும், ஈரம் காயாத சட்டைக் கைமடிப்பையும், கழன்று கிடந்த ஒற்றைச் செருப்பையும் கண்டீர்கள். “காதலனாவது ஒண்ணாவது! துவைச்சுப் போட்டுட்டு அசந்து தூங்குறா. அவளைப் போய் ஏன்யா வர்ணிக்கிறீங்க?” என்றீர்கள். அன்று முதல் அங்கே ஒலிப்பது ஒரே வரி: “இவர் தூங்குகிறார்.” அப்புறம் மௌனம்.

ஐயோ, அந்த மௌனம் படுத்திய பாடு! “கருவி கெட்டுப்போச்சு, காசைத் திருப்பிக் குடுங்க” என்று வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே வாசல் மேசைக்காரருக்குத் தொண்டை கட்டியது. ஆனால் மதிய வெயில் மெழுகுத் தரையில் மெல்ல நகரும் பொழுதில், அந்த அறையே ஒரு கனவுக்குள் இருப்பதுபோல் இருக்கும். கைக்குழந்தையோடு வந்த தாய்மார் எதிர் பெஞ்சில் ஹெட்போனோடு கண்ணயர்ந்ததைக் கண்டிருக்கிறோம். நாங்கள் யாரையும் எழுப்பியதில்லை.

பிறகு வந்தது புதுக் கணினி. அந்த ஆண்குரல் காலத்து விளக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் படித்துத் தானே எழுதுமாம், தானே பேசுமாம். அதுவும் தங்கள் குரலிலேயே! சோதனை நாளில் ஏழாம் எண்ணை அழுத்தினோம். “மயங்கிக் கிடக்கும் கட்டழகி” என்றது தங்கள் குரல். அக்கா, அன்று தங்கள் முகம் போன போக்கு இன்னும் எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை.

“மிஷின்தானே மேடம் சொல்லுது, அதுக்கு என்ன தெரியும்?” என்றார் இயக்குநர் ஐயா.

“அதுக்குத் தெரியாது சார். சொல்லிக் குடுத்தது நாமதானே? என் குரல்ல நான் சொல்லாததைச் சொல்ல விடமாட்டேன்” என்றீர்கள். ஐயா அப்போதைக்குக் கணினியை அணைக்கச் சொன்னார். ஆனால் தாங்கள் ஓய்வுபெற்ற மறுநாளே கணினியை மாட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது தங்களுக்கும் தெரியும். அந்தக் கவலையோடுதான் இந்தக் கடைசி வாரம் முழுதும் நடமாடினீர்கள்.

தங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் ஐயா பொறுத்தருள்க! நேற்று மாலை அவர் முதன்முறையாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக ஏழாம் அறைக்குப் போனார். கருவியைத் தட்டினார், காதில் அழுத்தினார், பிறகு பெஞ்சில் அமர்ந்தார். நெடுநேரம் அமர்ந்திருந்தார். கணினியை மாட்டலாமா என்று கேட்கப் போன ஒலிப்பதிவுக்காரரைக் கையமர்த்தி, “வேணாம்ப்பா, எழுப்பாதீங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஏழாம் அறை இனி என்றும் தங்கள் வசமே.

ஆகவே அக்கா, கவலையை இங்கேயே இறக்கி வையுங்கள். விடியுமுன் எழுந்து, வீட்டாருக்கெல்லாம் ஆக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்த காலம் இன்றோடு போதும். நோய்நொடி அண்டாமல், நீடு நலமுடன் வாழ்க! நாளைக்கு அலாரம் வைக்காதீர்கள். “இன்னுமா எழுந்திரிக்கல?” என்று வீட்டில் யாரேனும் கேட்டால் எங்களிடம் அனுப்புங்கள். ஏழாம் அறைக்கு அழைத்துப்போய், தங்கள் குரலிலேயே பதில் கேட்கவைக்கிறோம்.

என்றும் தங்கள் குரலைச் செவியில் சுமக்கும்
ஓவியக் கூடத்துப் பணியாளர்கள்