கஃபீல் வீட்டு வேட்டைத் துப்பாக்கி

துபாயிலிருந்து குவைத் வரைக்கும், பழைய பொருளை அதன் பழமை கெடாமல் காப்பாற்றத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, கல்யாணசுந்தரம் சார். மேனேஜருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று ஒரு தகவலாகச் சொல்கிறேன். பாஸ்கர், பி.ஏ. சரித்திரம், மதுரை. இந்த எழுபத்தைந்தாம் வருஷம் முதல் துபாய் சத்வாவில் நம் கடையில் கிளார்க்.

நீங்கள் என்னை விசாரிக்கவில்லை. யாருமே விசாரிக்கவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நமக்கெல்லாம் விசா கொடுத்த முதலாளி, நம் கஃபீல் மஹ்மூது, அவர் அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியைப் போன மாதம் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். எட்டுப் பட்டை போட்ட குழல். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு விசை. கட்டையில் கொம்பு விரித்த மான் ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். இரும்பெல்லாம் காபி டிகாக்ஷன் நிறம். சரித்திரம் படித்தவன் நீ, இது எந்த ஊர்த் துப்பாக்கி என்று கேட்டார். எங்கள் காலேஜில் அசோகர் மரம் நட்டதோடு பரீட்சை வந்துவிட்டது. துப்பாக்கி வரைக்கும் போகவில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது தெரியாது என்பது மரியாதையில்லை. இங்கிலீஷ் பிரபு ஒருவர் புலி வேட்டைக்காகச் செய்யச் சொன்னது என்றேன். அப்புறம் ஏன் மான் இருக்கிறது என்றார். அது புலியின் சாப்பாடு என்றேன். அவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் புலிக்கதையைச் சொல்லிவிட்டார்.

அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையையும் என்னிடமே விட்டார். முறையாகத்தான் ஆரம்பித்தேன். லேசான எண்ணெய், நைந்த பருத்தித் துணி, பொறுமை. அந்தப் பழுப்பு அழுக்கல்ல, வயது. துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அது கொலை.

என் ரூமில் இருக்கும் கார்மேகம் அண்ணனுக்கு இதை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். நம் கோடவுனில் மூட்டை தூக்குகிறாரே, ராமநாதபுரம் பக்கத்துக்காரர், அவர்தான். உலோகம் என்று எது கண்ணில் பட்டாலும் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். குழாய், தாழ்ப்பாள், ரூம் பூட்டு, எதையும் விட்டதில்லை.

“உங்க கையில நெப்போலியன் வாள் கிடைச்சாலும் புளி போட்டுத்தான் தேய்ப்பீங்கண்ணே.”

“பளிச்சுன்னு இருந்தா அவருக்கும் சந்தோசந்தானே தம்பி” என்பார்.

சிரித்துச் சிரித்து ரூமே அதிரும். இப்படிப்பட்டவர்களால்தான் சரித்திரம் அழிகிறது என்று நானும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கட்டையைக் கழற்றினேன். குழலின் அடிப்பக்கத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயர். நமக்குப் பம்ப்செட் பாகங்கள் வருகிற பெட்டியில் இருக்கும் அதே ஜெர்மன் ஊர். அன்றைக்கே கஃபீல் வந்து, துறைமுக வேலையில் இருக்கும் ஜெர்மன் இன்ஜினியர் நாளைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார், பழைய துப்பாக்கி என்றால் அவருக்கு உயிர் என்றார்.

என் நிலைமையை யோசியுங்கள். கஃபீல் தன் வீட்டு விருந்தாளி முன்னால் பொய்யராகலாமா? அவருடைய மானத்துக்காகத்தான் உப்புத்தாளை எடுத்தேன். கிரீடம் போயிற்று. எழுத்து போயிற்று. ஊரும் போயிற்று. ஆனால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. ஒரு இடம் மட்டும் வெளுத்தால் சந்தேகம் வரும். முழுவதும் வெளுத்தால் அதற்குப் பெயர் சுத்தம். மறுநாள் ஆயுத பூஜை. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் தேய்ப்பதற்காகக் கார்மேகம் அண்ணன் கோடவுனில் ஒரு வாளிப் புளியைக் கரைத்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

துப்பாக்கி முழுவதையும் அந்தப் புளியிலேயே தேய்த்து முடித்து, ஸ்பானர்களுக்கு நடுவில் வைத்தேன். வாளி அவருடையது. அவர் கைப்பழக்கம் ஊருக்கே தெரியும். நான் யார் மீதும் பழி சொல்லவில்லை, சார். வைத்தேன், அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

காலையில் அண்ணன் அதையும் ஓர் ஆயுதம் என்றே எண்ணி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம் என்று கஃபீலும் ஜெர்மன்காரரும் சரியாக அப்போது உள்ளே வந்தார்கள். ஜெர்மன்காரர் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரு அரிசி மூட்டை மீது உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஃபீல் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் துப்பாக்கி இப்படி மின்னி அவர் பார்த்ததே இல்லையாம். கார்மேகம் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நான் பொட்டு மட்டுந்தான் வச்சேன், அர்பாப்” என்று அண்ணன் முதலாளியிடம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மன்றாடினார். கஃபீல் அதை அடக்கம் என்று நினைத்து, டிக்கெட்டோடு இரண்டு மாச லீவே கொடுத்துவிட்டார். ஊருக்குத்தான் போகிறார், நான் நினைத்தபடியே. ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டோடு.

அதனால்தான் சொல்கிறேன். தேய்த்தது நான். அந்த லீவு என்னுடையது. ஊரில் அவர் சம்சாரம் சரசு அண்ணிக்குப் பிறந்த பெண்ணை அண்ணன் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமலில்லை. குழந்தை எங்கே போய்விடப் போகிறது? நீதி என்று ஒன்று இருக்கிறது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள், எதை எடுத்து என் முன்னால் வைக்கிறீர்கள் என்று புரியவில்லை, சார்.

“நீதான் தேய்ச்சேன்னா, சரிப்பா, இதையும் தேய்ச்சுக் காட்டு. கஃபீல் வீட்டுலேருந்து வந்திருக்கு. கார்மேகம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியாச்சு.”

இது கஃபீலின் தாத்தா காலத்துக் காபிக் கூஜா, சார். மூக்கைப் பாருங்கள், பருந்து மாதிரி. இந்தக் கறுப்பு அழுக்கல்ல, வயது. இதில் கை வைப்பவன் மனுஷனே இல்லை.

கொஞ்சம் பழைய புளியாகக் கிடைக்குமா? பித்தளைக்குப் புதுப் புளி அவ்வளவாகக் கேட்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, சார். ஒரு தகவலாகத்தான்.