தூக்காத பாலம்

இரண்டு தோளும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, சார். தோத்தாத்ரி சாரின் மகள் மிருதுளாம்மா கொடுத்த மேஜையை முந்தாநாள்தான் பம்மலுக்குக் கொண்டுவந்து மாடியேற்றினேன். இரும்புச் சட்டம். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் நானே வெல்டிங் அடித்தது. கல்குவாரியில் சம்மட்டி அடித்தவர் மகன் நான். லேசாக எதையும் செய்ய வராது.

மேஜை ரயில் ஓட்டுவதற்கு. பொம்மை ரயில் என்றால் தோத்தாத்ரி சாருக்குக் கோபம் வரும், மாடல் என்பார். சேலையூரில் அவர் வீட்டு மாடி ஹாலில்தான் எங்கள் கிளப். இதில் எச்.ஓ. என்று ஓர் அளவு, என். என்று ஓர் அளவு. நாங்கள் பெரிசு, சின்னது என்போம். ஒன்றின் தண்டவாளத்தில் மற்றது ஏறாது. பெரிசு வளைந்து திரும்ப ஓர் அறை வேண்டும். சின்னது கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும்.

ஜனங்கள் ஃபிளாட்டுக்குப் போகப்போகச் சின்னது வளர்ந்தது. கடையில் பெரிசின் சாமான் குறைந்தது. சாமான் குறைந்ததால் இன்னும் நாலு பேர் தாவினார்கள். முதலில் சமாதானமாகத்தான் இருந்தோம். பெரிசின் மலைக்குப் பின்னால் சின்னதை ஓடவிட்டால், தூரத்தில் போகிற ரயில் மாதிரி தெரியும். பார்க்க வந்த பிள்ளைகள் அதையே பார்த்தன. வந்த விருந்தாளி பாயைத் தட்டிப் போடுகிறான் என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, காபி கொடுத்துவிட்டு சார் சொன்னார்: “சாலமன், பெரிசைப் பிரிச்சுடலாம்ப்பா. அந்த எடத்துல சின்னதுன்னா பீச்லேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் போடலாம்.”

“அப்போ என் மேஜை இன்னா சார் ஆவறது?”

“பழைய இரும்புக்காரன் எடுத்துப்பான். கோச்சுக்காதே, பம்மல்னு உனக்கு ஒரு ஸ்டேஷன் தரேன்.”

“பம்மலுக்கு ஸ்டேஷனே கிடையாது சார்.”

“அதான் தரேங்கறேன்.”

நல்ல மனுஷர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேஜையின் நடுவில் ஆள் நிற்க ஒரு குழி. மேஜை மார்பளவு உயரம், அடிப்பக்கமெல்லாம் பலகை அடைத்திருந்தோம். உள்ளே போக, தண்டவாளம் பதித்த தூக்குப் பாலம் ஒன்றுதான் வழி. சார் மலையை உடைக்க உள்ளே போனார். கடைசியாக ஒரு சுற்று ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். “ஓட்டிக்கோ” என்றார். பாலத்தை இறக்கி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, வண்டியை விட்டேன்.

பிளாஸ்டர் தூசி கிளம்பியது. அவருக்கு ஆஸ்துமா. ஆணியில் தொங்கிய சட்டையைக் காட்டினார். “இன்ஹேலர். பாலத்தைத் தூக்கு.”

வண்டி ஓடும்போது பாலத்தைத் தூக்கக் கூடாது. கிளப் பையன் பிரசன்னா ஒருமுறை தூக்கி, எஞ்சின் கீழே விழுந்து நொறுங்கிய பிறகு சாரே போட்ட சட்டம் அது.

“வண்டி ஓடுது சார்” என்றேன்.

சட்டையை அப்படியே எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எறிந்திருக்கலாம். கை கண்ட்ரோலில் இருந்தது. வண்டி அவ்வளவு அழகாகப் போனது, நிறுத்த மனசு வரவில்லை. அவர் பாலத்தைத் தட்டினார். அப்புறம் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். பிறகு நிறுத்தி, தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன்.

மிருதுளாம்மா கேளம்பாக்கத்திலிருந்து ஓடிவந்தது. “அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டாராண்ணா?”

“இல்லம்மா. தூங்கற மாதிரி போய்ட்டாரு.”

அந்த வார்த்தைக்குத்தான் மேஜையை என்னிடம் கொடுத்தது. உங்கப்பா கூப்பிட்டார், எனக்குக் கேட்டது, நான் திறக்கவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை, சார். அது பாக்கி.