ஸ்டோர் வாசலில் மடி சோதனை

சுந்தரம்மாள்: மறுபடியும் ஒக்காந்துட்டியா? அடியே மொக்கம்மா, வளைவுக்கு ஒரு தடவை இப்படி ஒக்காந்தா அடிவாரத்து முந்தல் போயிச் சேர்றதுக்குள்ளே பஸ்சு போயிரும்.

மொக்கம்மாள்: செத்த நேரம்க்கா. கல்லு குத்திருச்சு... காலுலே.

சுந்தரம்மாள்: காலுலே குத்துனா இடுப்பை ஏண்டி பிடிக்கிறே?

மொக்கம்மாள்: எனக்கு அப்படித்தான் வலிக்கும். நீயும் வந்து செத்த ஒக்காரேன்.

சுந்தரம்மாள்: வேண்டாம். நான் ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன். முட்டி சரியில்லை.

மொக்கம்மாள்: முட்டியா... சரி சரி. ஜீப்புலே வந்திருந்தா ஒனக்கும் முட்டி வலி இல்லை, எனக்கும் கால் வலி இல்லை.

சுந்தரம்மாள்: ஜீப்பு ஓட்டுற திருப்பதிதான் ஏத்த மாட்டேன்னுட்டானே. ஏலக்காய்க் களவாணிய ஏத்துனா போடிமெட்டு செக்போஸ்டுலே வண்டிய ஓரங்கட்டச் சொல்லுவாகளாம்.

மொக்கம்மாள்: போன மாசம் அவன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி வந்தப்ப, லயத்து வீட்டுலே ராவெல்லாம் வென்னி வச்சுக் குடுத்தது யாரு? இந்தக் களவாணிதான்.

சுந்தரம்மாள்: என்னத்தைப் பேசச் சொல்றே? எந்திரிச்சு நட.

மொக்கம்மாள்: நேத்து காய் போடுற எஸ்டேட்டு ஸ்டோர் வாசல்லே நல்லாத்தானே பேசுனே. 'இவ மடியிலே என்னமோ இருக்கு'ன்னு, அத்தனை சனத்துக்கும் காதுலே விழுகுற மாதிரி.

சுந்தரம்மாள்: அது எஞ் சோலிடி! காயெடுத்துட்டு வர்ற நாப்பது பொம்பளைக மடியையும் தடவிப் பாத்து வெளியே அனுப்புறதுக்குத்தான் என்னை வாசல்லே நிப்பாட்டியிருக்காக. ஸ்டோர்லே காய் குறையுது குறையுதுன்னு கணக்கப்பிள்ளை நாற்காலிய இழுத்துப் போட்டு எதுத்தாப்புலேயே ஒக்காந்திருக்கான். கையிலே தட்டுப்பட்டதைச் சொல்லாம விட்டா, கூட்டுக் களவாணின்னு என்னையும் மலையை விட்டு எறக்குவான். எம் புருசன் கங்காணி வேலையும் போகும்.

மொக்கம்மாள்: தட்டுப்பட்டது காய்தானா?

சுந்தரம்மாள்: அது... ஒரு பதட்டத்துலே...

மொக்கம்மாள்: பதினஞ்சு வருசமா மடி தடவுற கைக்கா. காயின்னா நறநறங்கும், மணம் ஆளைத் தூக்கும். இது பொதுக்குன்னு இருந்திருக்குமே. துணி மாதிரி.

சுந்தரம்மாள்: நான் வக்கீலாடி? என்னைப் போட்டு ஏன் கொடையறே? நீயே ஒத்துக்கிட்டே! கணக்கப்பிள்ளை மடியை அவுத்துக் காட்டுன்னான். நீ அவுக்காம விறகுக் கொட்டாய்க்குள்ளே ஓடுனே. திரும்பி வந்து, 'ஆமா சாமி, எடுத்தேன், காய் வாட்டுற சூளை அடுப்புலே போட்டுட்டேன்'னே. நானா அப்படிச் சொல்லச் சொன்னேன்?

மொக்கம்மாள்: நீ சொல்லலை.

சுந்தரம்மாள்: பெறகு?

மொக்கம்மாள்: அடுப்புலே நான் ஒண்ணையும் போடலை. மடியிலே காயும் இல்லை. நேத்து இருந்தது இப்பவும் இருக்கு, தொட்டுப் பாக்குறியா?

சுந்தரம்மாள்: வேண்டாம்.

மொக்கம்மாள்: ஏன், பயமா? நேத்து மட்டும் தொட்டே.

சுந்தரம்மாள்: வேண்டாங்கிறேன்ல!

மொக்கம்மாள்: எம் புருசன் பழைய வேட்டிக்கா. மடிச்சு அடியிலே கொடுத்து, மேலே இழுத்துச் சுருட்டிக் கட்டியிருக்கேன். கட்டலைன்னா நடக்க முடியலை. அடி தள்ளிருச்சு... கருப்பை எறங்கி வெளியே வருது. மூணாவது பிள்ளைக்குப் பெறகுதான்.

சுந்தரம்மாள்: எத்தனாவது நாள் வேலைக்குப் போனே?

மொக்கம்மாள்: பதினாறு. காயெடுப்புக்குக் கூடப் போகலை, சூளைக்கு விறகு தூக்கச் சொன்னாக. ஒரு கட்டைத் தலையிலே ஏத்துனேன். என்னமோ நழுவுன மாதிரி இருந்துச்சு. சரி, சூடாயிருக்கும், குளிர்ச்சியாயிருக்கும்னு இருந்துட்டேன். இப்ப ஏலச்செடி தூருலே குத்த வச்சுக் காய் பறிக்கிறப்ப, ஒவ்வொரு செடிக்கும் ஒரு தடவை உள்ளே தள்ளிக்கிட்டு எந்திரிக்கிறேன். மழையிலே துணி நனைஞ்சா தொடையெல்லாம் அறுக்குது. அழுக வருதுக்கா, ஆனா யாருகிட்டே அழுகுறது?

சுந்தரம்மாள்: இதை வாசல்லே சொல்லியிருந்தா களவாணிப் பட்டம் வந்திருக்குமா?

மொக்கம்மாள்: எப்படிச் சொல்றது? நாற்காலியிலே ஒரு ஆம்பளை. மூட்டை ஏத்த நின்னவனுக ஆறு பேரு. எம் மாமனார் வேற. அவுக முன்னாடி நின்னுக்கிட்டு, 'எனக்குக் கருப்பை எறங்கிருச்சு'ன்னு சொல்லச் சொல்றியா? நாக்கு வருமா?

சுந்தரம்மாள்: வராது.

மொக்கம்மாள்: எம் புருசனோட அண்ணன் பொண்டாட்டி ஒச்சம்மாளைத் தெரியும்ல? அவளுக்கு இதேதான். மாமியாகிட்டே வாயை விட்டா. மறு வாரமே தேவாரத்துக்குத் தாய் வீட்டுலே கொண்டுபோய் விட்டுட்டாக. 'உடம்புக்கு ஆகாதவ, லோடு தூக்க மாட்டா, கூடப் படுக்க மாட்டா, இவளை வச்சு என்ன செய்ய'ன்னாக. ஆறு மாசத்துலே அவ புருசனுக்கு வேற பொண்ணு வந்தாச்சு.

சுந்தரம்மாள்: அதுக்குன்னு திருடின்னு பேரெடுப்பாளாடி ஒருத்தி?

மொக்கம்மாள்: நேத்து எம் புருசன் பேச்சிமுத்து என்ன சொன்னாருன்னு கேட்டேல்ல? 'ஒங்கண்ணன் வீட்டுலே ஒரு மாசம் இரு. கணக்கப்பிள்ளை கோவம் ஆறட்டும், வந்து கூப்பிட்டுக்கிறேன்'னாரு. திருடின்னா ஒரு மாசம்க்கா. இதைச் சொல்லியிருந்தா கூப்பிட வந்திருப்பாரா? எம் மூணு பிள்ளைகளும் இன்னொருத்தி கையிலே சோறு திங்கும்.

சுந்தரம்மாள்: அடிப் பாவி. அந்த நேரத்துலே இத்தனையும் யோசிச்சியா?

மொக்கம்மாள்: விறகுக் கொட்டாய்க்கு ஓடுற நேரத்துலே யோசிச்சேன். ரெண்டு நிமிசம் ஆகுமா அது? அதுக்குள்ளேதான்.

சுந்தரம்மாள்: ஏன் நின்னுட்டே? வலிக்குதா?

மொக்கம்மாள்: எறக்கத்துலே எல்லாம் முன்னாடி வந்து இடிக்குது. கட்டு தளர்ந்துருச்சு.

சுந்தரம்மாள்: அந்தப் பாறைக்குப் பின்னாலே போயி அவுத்துக் கட்டிக்க. நான் பாதையைப் பாத்துக்கிறேன். ரெண்டா மடிக்காதே, நாலா மடி. முடிச்சை நடுவுலே போடாதே, எடது பக்கமா இடுப்பெலும்புக்கு மேலே போடு. அப்பத்தான் எறக்கத்துலே நழுவாது.

மொக்கம்மாள்: அட... ஒனக்கு எப்படித் தெரியும்?

சுந்தரம்மாள்: யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன்.

மொக்கம்மாள்: யாரு?

சுந்தரம்மாள்: யாரோடி! குரங்கணிப் பக்கத்துக்காரி ஒருத்தி. வெரசாப் போ, ஆளு வருது.

மொக்கம்மாள்: ...இப்பத் தேவலைக்கா. அந்தக் குரங்கணிக்காரி நல்லா இருக்கணும்.

சுந்தரம்மாள்: நட நட. வாயி மட்டும் ஒனக்கு எறங்கவே எறங்காது.

மொக்கம்மாள்: ஒண்ணு கேக்கவா? இத்தனை காய் குறையுதுங்கிறாகளே, மூட்டை ஏத்துறவனுக மடியை யாரு தடவுறா?

சுந்தரம்மாள்: யாரும் தடவுறதில்லை.

மொக்கம்மாள்: கணக்கப்பிள்ளை சாயங்காலம் பைய மாட்டிக்கிட்டுப் போறானே, அது?

சுந்தரம்மாள்: அவன்கிட்டே போயி யாருடி பையைக் காட்டுன்னு கேக்குறது? ...அந்தா முந்தல் தெரியுது. இங்கே பாரு, ஒங்கண்ணன் சின்னமுத்து வீட்டுக்கு இப்பப் போக வேண்டாம்.

மொக்கம்மாள்: பெறகு எங்கே? அவன்கிட்டே ஒப்படைச்சுட்டு வரச் சொல்லித்தானே ஒன்னை அனுப்புனாக?

சுந்தரம்மாள்: சாயங்காலம் ஒப்படைச்சுக்கிறேன், ஒன்னை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். போடி டவுன் ஆஸ்பத்திரிக்கு லேடி டாக்டர் வந்திருக்காகளாம். பன்னெண்டு மணி வரைக்கும் மலையாளத்து நர்ஸம்மா சீட்டுக் கொடுப்பாக.

மொக்கம்மாள்: ஆத்தாடி! நான் வரலை.

சுந்தரம்மாள்: ஏண்டி?

மொக்கம்மாள்: போனா குடும்பக் கட்டுப்பாடு பண்ணிருவாக. எமர்ஜென்சியப்ப நம்ம லயத்துக்கு வேன் வந்துச்சே, மறந்துட்டியா? ஏலக்காட்டுக்குள்ளே ரெண்டு நாள் ஒளிஞ்சு கெடந்தோம், அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். அதுக்குப் பயந்துதானே இதைக் காட்டாமலேயே வச்சிருந்தேன்.

சுந்தரம்மாள்: எமர்ஜென்சி முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. இப்ப வேனும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தப் பயத்துலேயே நானும்... நாம எல்லாம் உடம்பைக் கெடுத்துக்கிட்டோம்.

மொக்கம்மாள்: என்ன சொன்னே?

சுந்தரம்மாள்: ஒண்ணும் சொல்லலை. பஸ்சு வருது, கையைக் காட்டு! ஓடாதே, ஓடாதே. நிப்பாட்டுவான்.

*

நர்ஸ்: அடுத்த ஆள் வாங்க. எந்தா, ரெண்டு பேரும் ஒண்ணா நிக்குறீங்க? சீட்டு யாருக்கு?

சுந்தரம்மாள்: இவளுக்குத்தான் சிஸ்டர். பேரு மொக்கம்மா. வயசு முப்பத்தொண்ணு. மலையிலே ஏலக்காய் எஸ்டேட்டு.

நர்ஸ்: என்ன செய்யுது?

மொக்கம்மாள்: வயித்து... வயித்து வலி.

நர்ஸ்: வயித்து வலின்னா அந்த ரூம். இது பிரசவ டாக்டர்.

சுந்தரம்மாள்: வயித்து வலி இல்லை தாயி. அடி தள்ளிருச்சு.

மொக்கம்மாள்: மெல்லச் சொல்லுக்கா... பின்னாடி ஆளு நிக்குது.

நர்ஸ்: நிக்கட்டும். அதுக்கு எதுக்கு இத்தனை நாணம்? காலையிலேர்ந்து இது நாலாவது ஆள். நாலு பேரும் மலைதான், நாலு பேரும் வயித்து வலின்னுதான் தொடங்குவாங்க.

மொக்கம்மாள்: நாலு பேரா?

நர்ஸ்: ஆமா. நீங்க மட்டும்னு நினைச்சீங்களா?

மொக்கம்மாள்: சிஸ்டர்... ஆபரேசன் பண்ணிருவீகளா? பிள்ளை இல்லாம ஆக்குறது?

நர்ஸ்: நீங்க கேக்காம யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இப்போ டாக்டர் பாத்துட்டு, கருப்பை இறங்காம தாங்க ஒரு ரப்பர் வளையம் வச்சு விடும். நடக்கலாம், வேலை செய்யலாம். கனம் மட்டும் தூக்க வேண்டாம். பெரிய ஆபரேஷன் பிறகு தேவைப்பட்டா பாக்கலாம். அதுக்குப் புருசன் வந்து கையெழுத்துப் போடணும்.

சுந்தரம்மாள்: எறங்குனது இவ உடம்பு. கையெழுத்து மட்டும் அவனுதா?

நர்ஸ்: அம்மா, அந்த ரூல் நான் போட்டதில்லை. இந்தா சீட்டு, உள்ளே போங்க. துணைக்கு வந்த அம்மா, நீங்க பெஞ்சிலே இருங்க. வந்ததிலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க.

சுந்தரம்மாள்: பரவாயில்லை தாயி.

நர்ஸ்: இடம் இருக்கு, உட்காருங்க.

சுந்தரம்மாள்: ஒக்கார முடியலை.

நர்ஸ்: ஏன்?

மொக்கம்மாள்: அவுகளுக்கு முட்டி சரியில்லை சிஸ்டர்.

சுந்தரம்மாள்: இரு மொக்கம்மா. நீ எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம். சிஸ்டர்... இன்னொரு சீட்டு எழுதுங்க. பேரு சுந்தரம்மா. வயசு நாப்பத்திரெண்டு. அதே எஸ்டேட்டு. அதே... அதேதான்.

நர்ஸ்: உங்களுக்குமா? எத்தனை நாளா?

சுந்தரம்மாள்: பதினோரு வருசமா. கங்காணி பொண்டாட்டிக்கு இப்படின்னு தெரிஞ்சா வாசல்லே நிக்கவிட மாட்டாக, வீட்டுலேயும் வைக்க மாட்டாகன்னு மூடி மூடி வச்சேன். மொக்கம்மா, என் மூஞ்சியைப் பாரு. நேத்து ஒம் மடியிலே கையை வச்சதுமே தெரிஞ்சு போச்சுடி. காய் இல்லைன்னு தெரியும். நானே தெனமும் கட்டுற கட்டு, எங் கைக்குத் தெரியாதா? கணக்கப்பிள்ளை 'என்ன அது, என்ன அது'ன்னு கத்துனான். 'அது பொம்பளைக கட்டுற துணி, விடுங்க'ன்னு சொன்னா, 'ஒனக்கு எப்படித் தெரியும்'னு என்னைத் திருப்பிக் கேப்பானேன்னு பயந்துட்டேன். என்னைக் காப்பாத்திக்கிறதுக்கு ஒன்னைத் திருடியாக்கிட்டேன். நாளைக்கு நான் மலையேறி, அதே வாசல்லே, அதே நாற்காலிக்கு முன்னாடி எஞ் சீட்டைக் காட்டிச் சொல்றேன். ஒஞ் சீட்டைக் காட்டுறது ஒன் இஷ்டம். இனிமே எவ மடியையும் நான் தொட மாட்டேன். ரெண்டு அறை அறைஞ்சுரு, ஏதாவது சொல்லு!

மொக்கம்மாள்: என்னத்தைக்கா சொல்ல? எனக்குத் தெரியும். போன வருசம் விடியுறதுக்கு முன்னே ஓடையிலே நீ கட்டுத் துணி அலசிக்கிட்டு இருந்தே. நானும் அதே சோலிக்குத்தான் வந்தேன், ஒன்னைப் பாத்துட்டுப் புதருக்குப் பின்னாலே நின்னுட்டேன். நேத்து நீ கத்துனப்ப, 'அப்ப ஒன் இடுப்புலே கட்டியிருக்கிறது என்னக்கா'ன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டிருந்தா அத்தனை ஆம்பளைகளும் ஒஞ் சேலையைப் பாத்திருப்பாக. முழுங்கிட்டுத்தான் விறகுக் கொட்டாய்க்கு ஓடுனேன். சரி, அழுகாதே. நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம். மொதல்லே சீட்டை வாங்கிக்க, சிஸ்டர் எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே இருப்பாக?