கெங்கம்மாள் அக்கா எழுத விடாத ஒரு வார்த்தை

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மலைச் சுற்றுலா வழிகாட்டிகள் சங்கத்தின் செயலாளர் சந்திரன் அவர்களே, பொருளாளர் முனிசாமி அவர்களே, சந்தையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஜீப் ஓட்டும் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். சங்கத் தலைவி கெங்கம்மாள் அக்கா நம்மை விட்டுப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. என்னைப் பேசச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். மற்றவர்களைவிட ஒரு வருஷம் கூடுதல் படிப்பு. அந்தத் தைரியத்தில் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அழுகிற கூட்டம் அக்காவுக்குப் பிடிக்காது. விடுதியில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவர். முகம் வாடியவரைக் கண்டால் குழம்பில் உப்பு சரியில்லையோ என்று கேட்கிறவர். பரிமாறும்போது விருந்தாளிகள் பேசுகிற இங்கிலீஷைக் காதில் வாங்கி, அடுப்படிச் சுவரில் கரியால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தவர். நமக்கெல்லாம் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? அந்தச் சுவரிலிருந்து வந்தது.

என் மானம் கெட்ட கதையைச் சொன்னால்தான் அவர் பெருமை விளங்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், யாரோ ஜீப்பில் விட்டுப்போன ஓட்டல் விளம்பரத் தாள் ஒன்று கிடைத்தது. ஊர் அழகை வர்ணிக்கும் இங்கிலீஷ் அதில் கொட்டிக் கிடந்தது. என் மகள் ரம்யாவிடம் அர்த்தம் கேட்டிருக்கலாம். அப்பன் என்கிற கெத்து விடவில்லை. எழுத்துக் கூட்டிப் பத்து நாள் மனப்பாடம் செய்தேன். பெங்களூர்க் குடும்பம் ஒன்றைச் சின்னருவி முன்னால் நிறுத்தி, ஒயிட் சேண்ட், ஓஷன் வியூ, கோல்டன் பீச் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அது கடற்கரை ஓட்டலின் தாள்! குடும்பத்துப் பெரியவர் நெற்றியில் கையை வைத்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கடல் எந்தப் பக்கம் தம்பி என்றார். நானும் அசரவில்லை. மலைக்குக் கீழே இருக்கிற திருப்பத்தூர் பக்கம் கையைக் காட்டினேன்.

அன்று மாலையே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. சாமைச் சோற்றைத் தட்டில் போட்டபடி கேட்டார்:

“இன்னாடா ரங்கா, கடலை எந்த பஸ்ஸுல ஏத்திகினு வந்தே?”

அப்போது வைத்த சட்டம்தான் இன்றைக்கும் நம் சங்கத்தின் சட்டம். முதலில் விரலை நீட்டு, பிறகு வார்த்தையைச் சொல். விரல் நீட்டிக் காட்ட முடியாத வார்த்தை நம் வாயில் வரக்கூடாது. ‘மிஸ்டி’ என்ற வார்த்தைக்காக விடியற்காலைப் பனிமூட்டத்தில் மலைப்பாதை வளைவில் நம்மை நிற்க வைத்தது யார்? ‘ரெஃப்ரெஷிங்’ என்று சொல்வதற்கு மார்கழிக் குளிரில் ஒன்பது பேர் தலையையும் ஓடையில் முக்கச் சொன்னது யார்? ‘பீஸ்ஃபுல்’ என்ற வார்த்தைக்கு இடம் தேடி மூன்று நாள் அலைந்தோம். நான்காம் நாள் முனிசாமி அண்ணன் வரவில்லை, உடனே கிடைத்துவிட்டது. பொருளாளர் கோபிக்கக்கூடாது. ‘பிரெத்டேக்கிங்’ பார்க்க உச்சிப்பாறைக்கு ஏறியபோது அக்கா மூச்சு வாங்கிப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தை இதுதானா என்று கேட்டேன். “இல்லடா, இது வயசு. அது இன்னும் மேல கீது, ஏறு” என்றார்.

அப்படிச் சேர்த்த வார்த்தைகள் நாற்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் இடத்தின் பெயர் அவர் நோட்டில் இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இல்லை. ரம்யா கல்லூரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வார்த்தை அது: ‘அன்ஸ்பாயில்ட்’. மனுஷன் கைபட்டுக் கெட்டுப்போகாதது என்று அர்த்தம் சொன்னாள். நாங்கள் துள்ளிக் குதித்தோம். அக்கா எங்களைச் சின்னருவிக்குக் கூட்டிப்போய் விரலை நீட்டினார். விரல் நுனிக்கு நேராக ஒரு பீர் பாட்டில், பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். விரலை மடக்கிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை குப்பை பொறுக்கச் சாக்கோடு வந்தார். மூன்று வருஷமாக எல்லா வியாழக்கிழமையும் வந்தார். கடைசி வியாழனும் பாறைமேல் உட்கார்ந்து, “இன்னும் ஒரு மூட்டை கீதுடா” என்றார்.

இப்போது அருவிப் பாதையில் அவர் பெயரால் பலகை வைக்கிறோம். அவர் சேர்த்த வார்த்தைகளெல்லாம் அதில் வரும். அந்த ஒன்றையும் எழுதிவிட்டால் அக்காவின் ஆசை நிறைவேறும் என்கிறார் செயலாளர். சந்திரன் அவர்களே, உங்கள் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை பேர் முன்னால் கைகூப்பிக் கேட்கிறேன், எழுதாதீர்கள். இன்று காலை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். பாறை இடுக்கில் மட்டும் பதினொரு பாட்டில். அதன் பக்கத்தில் அந்த வார்த்தையை எழுதினால், அது நான் திருப்பத்தூரில் கடலைக் காட்டிய கதைதானே?

அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பார்க்கிறவர்கள் இங்கே என்ன என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டத்துக்கு, இத்தனை வருஷம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நானே முன்னால் நின்று சொல்கிறேன்: ‘ஒன் வேர்ட் கமிங். ப்ளீஸ் ஹெல்ப்.’ பின் வரிசையில் ரம்யா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இலக்கணத்தை அவள் பார்த்துக்கொள்ளட்டும், சாக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கெங்கம்மாள் அக்கா, உங்கள் வியாழக்கிழமை இனி எங்களுடையது. காலை ஏழு மணி, சின்னருவி. வருகிறவர்கள் வரலாம்.

பெயிண்டர் ராஜேஷ் அங்கே நிற்கிறார். தம்பி, வெள்ளை பெயிண்ட் டப்பாவை நன்றாக மூடி வை. காய்ந்துவிடப் போகிறது. அதற்கு இன்னும் ஒரு வார்த்தை வேலை இருக்கிறது.