அழகில்லை என்று சொன்ன மென்பொருள்

தார்வாட் மழையில் நனைந்தும் இந்த மன்றத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தலைமையேற்று என் நேரத்தைக் கடிகாரத்தில் கண்காணித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் உடுப்பா அவர்களே, மடியில் பிள்ளையும் மடிக்கணினியில் பிழையுமாகப் போராடும் தாய்மார்களே, தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வசுதா குல்கர்ணியின் வணக்கம்.

என் நெஞ்சு இன்று லேசாக இருக்கிறது. ஏன் தெரியுமா? சற்று முன் நடந்த வாக்கெடுப்பில் நான் எழுதிய விதி தோற்றுவிட்டது. கைதட்டாதீர்கள், தோற்றவள் பேசி முடிக்கட்டும்.

நமது 'ஹெஜ்ஜெ' என்னும் கணினி நிரல்மொழியில், ஒரு வரிக்குள் அடங்கும் உள்வரி ஒவ்வொன்றும் படிக்கு நான்கு வெற்றிடம் தள்ளித் தொடங்க வேண்டும், டேப் விசையால் தள்ளக்கூடாது என்று விதித்தவள் நான். நமக்கு மட்டுமா? இம்மொழியில் எழுதும் அத்தனை பேருக்கும். மீறினால் மென்பொருள் ஓடாது. "அழகில்லை" என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு அப்போது எத்தனை பெருமை!

நாம் அனைவரும் பயன்படுத்தும் நாள்காட்டி நிரலை எழுதிய கதக் ஊர்க்காரர் நிங்கப்பா, அந்த விதி வந்ததும், இனி உங்களோடு இல்லை என்று இரண்டே வரி எழுதி விலகினார். பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினேன். பார்வையில்லாத அவர், கணினியோடு இணைத்த பிரெயில் புள்ளி எழுத்துப் பட்டையை விரலால் தடவிப் படிப்பவர். என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"நாப்பது எழுத்துதான் இதுல தெரியும், அக்கா. நாலு படி உள்ள போனா பதினாறு வெறும் எடம். டேப் விசைன்னா படிக்கு ஒண்ணு, நாலே எடத்தோட போச்சு. உங்க மிஷின் அழகில்லைங்குது. யார் கண்ணுக்கு, அக்கா?"

நான் வெட்கத்தில் அழுதுவிட்டேன். எல்லோரும் தன்னைப்போல எழுத வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தான் எழுதுவதை ஓட விடுங்கள் என்றுதான் கேட்டார். அதைத்தான் இன்று வாக்குக்கு விட்டோம்.

பின்வரிசையில் யாரோ ஒழுங்கு வேண்டாமா என்கிறீர்கள். வேண்டும் ஐயா, வேண்டும். நம் திட்டத்தின் நிரலில் நம் ஒழுங்கு இருக்கட்டும். கேட்பவருக்கு வரி சீராக்கும் கருவியையும் கொடுப்போம். ஆனால் அடுத்தவர் சமையலறையில் புகுந்து பாத்திரத்தை இடம் மாற்ற நாம் யார்? பிழையைச் சொல்வது மென்பொருளின் வேலை. ரசனையைச் சொல்வது அதன் வேலையா?

முடிவு அறிவித்ததும் மூன்றாம் வரிசையில் இருந்த நிங்கப்பாவிடம் போனேன், இனியாவது இருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இருக்கேன் அக்கா. இல்லேன்னா உங்க நிரல்ல இருக்கற மூணு பிழைய யார் திருத்தறது? மூணும் சரியா நாலு வெற்றிடம் விட்டுத்தான் நிக்குது."

அந்த மூன்றையும் திருத்த நான் கீழே இறங்குகிறேன். என்னைத் தோற்கடித்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.